மறுக்கத் தெரிந்த பட்டியல்

"500 டைரக்டரியில உங்க வெப்சைட்டைச் சேர்த்து விடுறோம் சார். 4,500 ரூபாய்தான். கூகுள்ல ஃபர்ஸ்ட் பேஜ் கேரன்ட்டி." ஈரோடு, சென்னிமலை, பவானி வட்டாரத்தில் சொந்தமாக வெப்சைட் வைத்திருக்கும் எந்த ஜவுளிக்காரரைக் கேட்டாலும் இந்தப் போன் தனக்கும் வந்திருக்கிறது என்பார். பாதிப் பேர் கட்டியும் இருப்பார்கள். கட்டியவர்கள் அதை வெளியில் சொல்வதில்லை. வெப்சைட் போட்டுக் கொடுப்பதே பிழைப்பாக இருக்கிற என்னிடம் மட்டும் ஒருநாள் எக்ஸெல் ஷீட்டை நீட்டுவார்கள்.

சமீபத்தில் அப்படி வந்தவர் சென்னிமலை பெட்ஷீட் வியாபாரி ஒருவர். என் அப்பா வயது. ஷீட்டில் வரிசையாக 500 முகவரி. பக்கத்திலேயே பச்சை நிறத்தில் 'டன்', 'டன்', 'டன்'. "ஏனுங்கம்மணி, இத்தனை எடத்துல நம்ம பேரு இருந்தா நல்லதுதானுங்க?" என்றார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தே சிலவற்றைத் திறந்து காட்டினேன். ஒன்று திறக்கவே இல்லை. அடுத்ததில் 'இந்த முகவரி விற்பனைக்கு' என்று இருந்தது. இன்னொன்று திறந்தது, மூன்று பக்கமும் சூதாட்ட விளம்பரம், நடுவில் 'வீடு, தோட்டம்' என்ற தலைப்பு. அதற்குக் கீழே அமெரிக்காவில் சாக்கடை அடைப்பு எடுப்பவர் ஒருவர், இங்கிலாந்தில் கல்யாணப் போட்டோ எடுப்பவர் ஒருவர், இருவருக்கும் இடையில் நம் சென்னிமலைக்காரர். கடை போன் நம்பரில் 04294 என்ற கோட் 4294 ஆகி, கடைசி இலக்கமும் விழுந்துபோயிருந்தது. விவரம் என்ற இடத்தில் 'பெஸ்ட் பெட்ஷீட் சீப் பெட்ஷீட் ஹோல்சேல் பெட்ஷீட் ஈரோடு பெட்ஷீட்' என்று ஒரே வரி. திறந்த இடத்தில் எல்லாம் அதே வரி, அதே தப்பு நம்பர்.

"இதையெல்லாம் யாரு பாப்பாங்க?" என்று கேட்டார். அவர் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பட்டியல்களை யாரும் பார்ப்பதில்லை. வாங்குகிறவர் பார்ப்பதில்லை என்பது இருக்கட்டும், சேர்த்தவரும் பார்க்கவில்லை, பட்டியலை நடத்துகிறவரும் பார்க்கவில்லை. மென்பொருள் ஒன்று படிவத்தை நிரப்புகிறது. இன்னொரு மென்பொருள் வாங்கி அடுக்குகிறது.

டைரக்டரி என்றாலே ஏமாற்று என்று இதைப் பார்த்துவிட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு காலத்தில் அதில் பேர் வருவது பெரிய விஷயம். அப்போது உள்ளே ஆள் இருந்தார், படித்தார், பிடிக்காவிட்டால் தள்ளினார். பட்டியலின் மதிப்பு முழுக்க அந்தத் தள்ளுகிற உரிமையில் இருந்தது என்பது என் கட்சி.

1994-இல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தாங்கள் பார்த்த நல்ல பக்கங்களைத் தலைப்பு வாரியாக எழுதி வைத்ததுதான் யாஹூ. தொடக்கத்தில் அது தேடுபொறி அல்ல, பட்டியல்தான். கம்பெனியானதும் அவர்கள் வேலைக்கு எடுத்த முதல் சிலரில் ஒருவர் ஸ்ரீநிஜா ஸ்ரீனிவாசன். எந்தத் தளம் எந்தத் தலைப்பில் போகும் என்று தீர்மானிப்பதே அவருடைய பொறுப்பு. இணையத்தின் முதல் பெரிய கம்பெனிகளில் ஒன்று நூலகர் செய்கிற வேலைக்கு அவ்வளவு சீக்கிரம் ஆள் போட்டது.

பிறகு யாஹூ காசு கேட்க ஆரம்பித்தது. வணிகத் தளம் என்றால் 299 டாலர். 2001 கடைசியிலிருந்து அது ஆண்டுக்கு ஆண்டு கட்ட வேண்டிய தொகை ஆனது. அன்றைய மாற்று விலையில் 14,000 ரூபாய்க்கு மேல். ஈரோட்டில் அந்தக் காசுக்கு முழு வெப்சைட்டே போட்டுக் கொடுத்தோம், அதனால் என் வாடிக்கையாளர் யாரும் கட்டவில்லை. ஆனால் அந்த 299 டாலர் எதற்கு என்று கவனிக்க வேண்டும். அது பரிசீலனைக் கட்டணம். பணம் கட்டினால் ஓர் ஆள் ஏழு வேலை நாளுக்குள் உங்கள் தளத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று சொல்லலாம். சொன்னால் பணம் திரும்பாது. கொள்ளை என்று அன்றைக்குப் பலர் திட்டினார்கள். இன்றைக்கு 4,500 ரூபாய் வாங்குகிறவர் 500-இல் ஒன்றில்கூட 'வேண்டாம்' என்ற பதில் வராது என்று அடித்துச் சொல்கிறாரே, எனக்கு அந்த யாஹூ மேல் என்று படுகிறது.

இலவசமாகச் சேர்த்த பெரிய பட்டியல் டிமாஸ். 1998-இல் ரிச் ஸ்க்ரென்டாவும் பாப் ட்ரூயலும் தொடங்கியதை அதே ஆண்டு நெட்ஸ்கேப் வாங்கிக்கொண்டது. சம்பளமில்லாத எடிட்டர்கள் ஆளுக்கு ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு தளங்களைப் பார்த்துச் சேர்த்தார்கள். மூடும்போது 38 லட்சத்துக்கு மேல் தளங்களும் 10 லட்சத்துக்கு மேல் தலைப்புகளும் 90 மொழிகளும் இருந்தன. ஏதோ ஒரு காலத்தில் எடிட்டராக இருந்தவர்கள் 91,000 பேருக்கு மேல். ரீஜனல், ஏசியா, இந்தியா, தமிழ்நாடு, லோகாலிட்டீஸ் என்று படிப்படியாக இறங்கினால் ஊர்ப் பெயர்கள் வரும். தலைப்பு மாறிக் கொடுத்தால் அது சரியான இடத்துக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும்.

அதன் விதிகள் எனக்கு இன்னும் மனப்பாடம். பெயர் என்ற இடத்தில் கடையின் உண்மையான பெயர் மட்டும். விவரம் ஒன்றிரண்டு வாக்கியம். தளத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அது எவ்வளவு பிரமாதம் என்று சொல்லக் கூடாது. ஆச்சரியக்குறி கூடாது. 'நாங்கள்' கூடாது. ஒரு தளத்துக்கு மிகப் பொருத்தமான ஒரே தலைப்பு. 'கட்டுமானத்தில் உள்ளது' என்று பலகை தொங்கும் தளத்தைக் கொண்டுவரவே கூடாது. பொறுமையில்லாமல் மறுபடி அனுப்பினால் வரிசையில் பின்னுக்குப் போகலாம்.

பவானியில் ஜமக்காளம் விற்கும் ஒருவருக்காக அந்தக் காலத்தில் படிவம் நிரப்பினேன். 'உலகப் புகழ் பெற்ற' என்று போட்டே ஆக வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். எடிட்டர் எடுத்துவிடுவார் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் சத்தமே இல்லை. நாங்கள் மறந்தேபோன பிறகு ஒருநாள் பார்த்தால் தளம் சேர்ந்திருந்தது. உலகப் புகழைக் காணோம். பவானியில் கைத்தறியில் நெய்த ஜமக்காளம், அளவும் விலைப்பட்டியலும் தொடர்பு முகவரியும் உண்டு என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அவருக்கு ஏக வருத்தம். "நம்ம காசுல நடக்கற வெப்சைட்டுக்கு அவங்க யாருங்க வெட்டறதுக்கு?" என்றார். கொஞ்ச நாளில் அதே இரண்டு வரி கூகுளில் அவர் பெயருக்குக் கீழே வர ஆரம்பித்தது. டிமாஸ் எடிட்டர் எழுதிய விவரத்தை கூகுள் அப்போது எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. அது வேண்டாம் என்கிறவர்களுக்காக 2006-இல் தனியாக ஒரு குறிச்சொல்லே கொடுத்தார்கள் என்றால் பாருங்கள். நான் அந்தக் குறிச்சொல்லைப் போடவில்லை. முகம் தெரியாத எடிட்டர் எழுதியது எங்களுடையதைவிட நன்றாக இருந்தது. விசாரிக்க வந்தவர்களும் அளவையும் விலையையும்தான் கேட்டார்கள்.

இப்படி இருந்த டைரக்டரி ஏன் கெட்டது? கூகுள் ஒரு தளத்தின் தகுதியை எடைபோட, மற்ற தளங்கள் அதற்குக் கொடுக்கும் இணைப்புகளை ஓட்டு மாதிரி எண்ணியது. எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை கிடையாது. தகுதியுள்ளவர் போடும் ஓட்டுக்கு எடை அதிகம். ஆள் பார்த்துச் சேர்க்கும் டைரக்டரியின் ஓட்டு நல்ல ஓட்டு என்று ஊர் நம்பியது. ஓட்டுக்கு மதிப்பு என்று தெரிந்தால் அதை விலை பேச ஆள் வருவதற்கு நம் நாட்டில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மலிவான மென்பொருளை வாங்கி ஆளாளுக்கு ஒரு டைரக்டரி திறந்தார்கள். அதில் சேர்த்துவிடுவது ஒரு தொழில் ஆனது. டெல்லியிலும் நொய்டாவிலும் மட்டுமல்ல, கோயம்புத்தூரிலும் இதற்கென்றே பையன்களை உட்கார வைத்து நாளெல்லாம் படிவம் நிரப்பிய ஆபீஸ்கள் இருந்தன. படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அதுதான் முதல் வேலை.

2012 ஏப்ரலில் கூகுள் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. விலைக்கு வாங்கிய இணைப்புகளால் மேலே வந்த தளங்கள் பல ஒரே வாரத்தில் காணாமல் போயின. அதே ஆண்டு அக்டோபரில், 'இந்த இணைப்புகள் எனக்கு வேண்டாம்' என்று நாமே எழுதிக் கொடுக்கும் வசதியையும் திறந்தார்கள். காசு கொடுத்துச் சேர்த்ததைக் காசு கொடுத்து நீக்கிய கூத்தும் நடந்தது. சேர்க்க வாங்கிய ஆபீஸ்களே நீக்கவும் வாங்கின. தரமில்லாத டைரக்டரி இணைப்புகளை கூகுள் தன் விதிகளில் பெயர் சொல்லியே ஸ்பாம் என்கிறது. அதற்குப் பிறகும் 'ஃபர்ஸ்ட் பேஜ் கேரன்ட்டி' என்று போன் வருகிறது என்றால், பேசுகிறவருக்கு இது தெரியாது, இல்லாவிட்டால் நமக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

யாஹூ டைரக்டரியை 2014 கடைசியில் மூடினார்கள். டிமாஸ் 2017 மார்ச்சில் போனது. அதன் எடிட்டர்களில் ஒரு பகுதியினர் கர்லீ என்ற பெயரில் அதைத் தொடர்ந்து நடத்துகிறார்கள்.

டிமாஸைப் பற்றி நான் புகழ்வதைக் கேட்டால் அந்தக் காலத்து ஆட்கள் சிரிப்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பல தலைப்புகளுக்கு எடிட்டரே கிடையாது. அனுப்பியது கிணற்றில் போட்ட கல். எடிட்டர் என்ற பெயரில் உள்ளே நுழைந்து தன் கடையைச் சேர்த்து, போட்டிக் கடையை வெளியே நிறுத்தியவர்கள் பற்றிய புகார் கடைசி வரை ஓயவில்லை. மறுத்தால் ஏன் என்று சொல்ல மாட்டார்கள். 2006 அக்டோபரில் அவர்களுடைய சர்வர் படுத்தபோது எழுந்திருக்க வாரக்கணக்கில் ஆயிற்று. சரியான பேக்கப் இல்லை. இத்தனை பெரிய பட்டியல் இத்தனை சின்ன அக்கறையில் நடந்திருக்கிறதே என்று அப்போது எரிச்சலாக இருந்தது. கூகுள் இதையெல்லாம் ஓரங்கட்டியது இயல்புதான். கோடிக்கணக்கான பக்கங்களை ஆள் வைத்துப் பார்த்து முடியாது.

ஆனால் தமிழில் அந்த அளவுக்குப் பக்கங்கள் இல்லை, ஒரு மாவட்டத்துக்கு என்று எடுத்தால் சில நூறுகூடத் தேறுமா என்பது சந்தேகம். சென்னிமலையில் பெட்ஷீட், பவானியில் ஜமக்காளம், ஈரோட்டில் மஞ்சள், கூட்டுறவு நெசவாளர் சங்கங்கள், நாட்டு மாட்டுக்காரர்கள், உள்ளூர் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள். இவற்றை ஆள் வைத்துப் பார்க்க முடியும். பார்க்க வேண்டிய அவசியமும் வந்துவிட்டது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு; ஆனாலும் அந்தப் பெயரில் தேடினால் விசைத்தறிச் சரக்கை அதே பெயரில் விற்கிறவர்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள். எது பவானியில் தறி வைத்திருப்பவரின் தளம், எது எங்கோ இருந்து விற்பவரின் தளம் என்று இயந்திரம் பிரித்துக் காட்டுவதாக எனக்குத் தெரியவில்லை. இயந்திரமே எழுதித் தள்ளும் பக்கங்கள் வேறு இப்போது குவிகின்றன. தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த ஒருவர் அந்தத் தளத்தில் உள்ள படத்தை ஐந்து நிமிஷம் பார்த்தால் போதும், சொல்லிவிடுவார்.

தமிழுக்கு இது புதிதும் அல்ல. தமிழ் எழுத்து திரையில் தெரிவதே பெரும்பாடாக இருந்த 1990-களில் சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தம் பக்கத்தில் தமிழ் எழுத்துரு எங்கே கிடைக்கும், எந்தத் தமிழ்த் தளம் எங்கே இருக்கிறது என்று தொகுத்து வைத்திருந்தார். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டியில் பேர் வந்தால்தான் எழுதுகிறவனுக்கு வாசகர் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. இவையெல்லாம் தனி ஆட்கள், தங்கள் ராத்தூக்கத்தைச் செலவழித்துச் செய்தவை. ஆள் ஓய்ந்தால் பட்டியலும் ஓய்ந்துவிடும்.

ஓயாத இடம் நம்மிடம் இருக்கிறது: நூலகம். நூல்களை எப்படிப் பகுப்பது என்று உலகத்துக்குப் பாடம் சொன்ன எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். 1948-இலேயே பொது நூலகத்துக்குச் சட்டம் போட்ட மாநிலம் இது. வீட்டு வரி கட்டும்போதெல்லாம் நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். பெரும்பாலான மாவட்டங்களில் மைய நூலகம் இருக்கிறது. அங்கே பகுப்பு எண் போடத் தெரிந்தவர் சம்பளத்தில் இருக்கிறார். அவருடைய மேசைக்கு மாவட்டத்தின் வலைத்தளங்களும் வரட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-லிருந்து இயங்குகிறது. தொழில்நுட்பத்தை அது பார்த்துக்கொள்ளலாம். புதிதாக மென்பொருள் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்பிருந்த படிவமே போதும்: பெயர், ஊர், தலைப்பு, இரண்டு வரி விவரம்.

டிமாஸ் சறுக்கிய இடங்களில் மட்டும் கவனமாக இருந்தால் போதும். அனுப்பியவருக்கு 60 நாளுக்குள் பதில் போக வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்: 'முகவரி இல்லை', 'போன் எடுக்கவில்லை', 'கைத்தறி என்று எழுதியிருக்கிறது, படத்தில் விசைத்தறி'. வருஷத்துக்கு ஒருமுறை எல்லா இணைப்பையும் திறந்து பார்த்துச் செத்ததை எடுக்க வேண்டும். கட்டணம் ஒரு பைசாகூட வாங்கக் கூடாது. வாங்கினால் மறுக்க வாய் வராது.

சர்க்கார் கையில் கொடுத்தால் கட்சிக்காரன் தளம் முதலில் வரும் என்பீர்கள். வரலாம். அகர வரிசையில் போட்டுவிட்டால் அந்தச் சண்டையில் பாதி குறையும். இன்னொரு கேள்வியையும் என் தொழிலில் உள்ளவர்களே கேட்பார்கள்: கூகுள் மேப்பில் கடையைப் போட்டுவிட்டால் போதாதா? கடைக்குப் போதும். அதைக் கட்டாயம் செய்யுங்கள். அது இலவசம், 'கூகுளிலிருந்து பேசுகிறோம், கட்டணம் கட்டுங்கள்' என்று வரும் போனை வைத்துவிடுங்கள். ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட் போன்றவற்றில் நிஜமாகவே வாங்குகிறவர்கள் தேடுகிறார்கள், அங்கேயும் பேர் இருக்கட்டும். சும்மா கிடைக்கும் இடத்தோடு நிறுத்திக்கொண்டு, போன் வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். எல்லா இடத்திலும் பெயர், முகவரி, போன் மூன்றும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம். ஆனால் உள்ளூர்க் கல்வெட்டுகளைப் படம் எடுத்து வைத்திருக்கும் வாத்தியாருக்கு மேப்பில் இடம் இல்லை, அவரிடம் வாங்க ஒன்றும் இல்லாததால் வியாபாரப் பட்டியல்களிலும் இல்லை. நூலகத்தின் பட்டியலில்தான் அவர் வர முடியும்.

சென்னிமலைக்காரரிடம் அந்த ஷீட்டை அழிக்கச் சொல்லவில்லை. தப்பு நம்பர் இத்தனை இடத்தில் இருப்பதால், எங்கெங்கே இருக்கிறது என்று தெரிய அதுவாவது வேண்டும். அடுத்த வருஷத்துக்குப் புதுப்பிக்கச் சொல்லி அதே ஆபீஸ் அவருக்குப் போன் அடித்துக்கொண்டிருக்கிறது.

மாவட்ட மைய நூலகம் இதைத் தொடங்குமானால் ஈரோடு மாவட்டத்தின் நெசவு, ஜவுளித் தலைப்பை நான் எடுத்துக்கொள்ளத் தயார். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேலை குறைவு. பன்னீர்செல்வம் பூங்கா பக்கத்திலிருந்து நடந்தே வந்துவிடுவேன். ஒரே நிபந்தனை, நான் போட்டுக் கொடுத்த தளங்களை மட்டும் வேறு யாராவது பார்க்கட்டும். அவற்றில் எதையாவது தள்ளினால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளரிடம் நான் காட்ட வேண்டும்.